ரப்பர் ரோலர் புரையில ஒரு மண் ஸ்டூடியோ: சூளையும் நத்தக்கூடும் பட்ட பாடு

ஒருவழியா ஒரு சூளை உருப்படியா எறங்கியிருக்கு. சட்டி எதுவும் வெடிக்கல, விரியல, எல்லாத்தையும்விட முக்கியம், எறக்கி வெச்சு ஒரு மழைக்காலம் கழிஞ்ச பெறகும் மேல்தோல் பொரிஞ்சு விழல. இந்தக் கடைசி விசயம் தான் எங்கள ரொம்பப் படுத்தி எடுத்துச்சு. இது மாதிரி, ஊர் ஆளுக வந்து மண்ணுல சட்டி தட்டு செய்யுற ஒரு ஸ்டூடியோவை எங்கயாவது ஆரம்பிக்கணும்னு யோசிச்சிட்டு இருக்கிறவங்களுக்கு உதவும்னு செஞ்சது செஞ்சபடி எழுதுகேன். தியரி எல்லாம் எதிர்பாக்காதீங்க.

எடம் குலசேகரம் பக்கம். நாங்க மூணு பேரு. நான் போர்டு எழுதுறது, சுவர்ல படம் வரையுறது. கூட இருக்கிற பொண்ணு சென்னை கவின் கலைக் கல்லூரியில செராமிக் படிச்சவ. மூணாவது தம்பி வெல்டிங் பட்டறை வெச்சிருக்கான், அவன் பாட்டாவுக்கு (தாத்தாவுக்கு) சொந்தமான ரோலர் புரை தான் இப்பம் ஸ்டூடியோ. எங்க பக்கத்துல வந்து பாத்தா தெரியும், ரப்பர் தோட்டம் இருக்கிற எல்லா எடத்துலயும் ரப்பர் பாலை ஷீட்டா அடிக்கிற ஒரு ரோலர் புரையும் அந்த ஷீட்டைப் புகையில காய வைக்கிற ஒரு புகப்புரையும் நிக்கும். 2011-ல ரப்பர் கிலோ 200 ரூபாய்க்கு மேல போச்சு, பெறகு அஞ்சு வருசத்துல 100 பக்கம் வந்து நின்னுச்சு. அதுக்கு அப்புறம் சின்னத் தோட்டக்காரங்க பலபேரு ஷீட் அடிக்கிறதையே விட்டுட்டாங்க, பாலாவே குடுத்துருவாங்க, இல்லைன்னா ஒட்டுப்பாலா, அதாவது சிரட்டையிலயே உறைஞ்சு போனதா, சேத்து வித்துருவாங்க. அதனால புரை எல்லாம் பாம்பும் பழைய சாக்குமா கெடக்கு.

நாங்க பாத்த புரை 22 அடிக்கு 14 அடி. ஓட்டுக் கூரை, பாதி ஓடு போயாச்சு. ஆனா உள்ள போய் நின்ன உடனே அந்தப் பொண்ணு சொன்னா, "இத மண்ணு வேலைக்குன்னே கட்டுன மாதிரி இருக்கு"ன்னு. காரணம் தரை. பால் கழுவுறதுக்காக சிமெண்ட் தரையை ஒரு பக்கமா சரிச்சு ஓரத்துல தண்ணி வடிய சால் எடுத்து விட்டிருக்காங்க. மண்ணு வேலை பண்ற எடத்துல காஞ்ச தரையைப் பெருக்கவே கூடாது, தூசி நெஞ்சுக்கு ஆகாது, வெள்ளம் (தண்ணி) ஊத்தித் தான் கழுவணும். அதுக்கு இத விட நல்ல தரை கெடைக்காது. ஒரே தொந்தரவு, சரிவுல மேசையும் சக்கரமும் நேரா நிக்காது. மேசைக் கால் ஒவ்வொண்ணுக்கும் அளவு பாத்து ஆஞ்சிலிக் கட்டை வெட்டி வெச்சோம், சக்கரத்துக்குத் தம்பி நாலு போல்ட்டுக் கால் வெல்டு பண்ணிக் குடுத்தான், திருகி லெவல் பண்ணிக்கலாம். கூரைக்கு மட்டும் 18,000 ஆச்சு, அதுல ஓட்டு விலையை விட கூலி தான் ஜாஸ்தி.

சக்கரம். எல்லாரும் மொதல்ல கேக்கிறது இது தான். நாங்க பாத்த புதுசு எல்லாம் 25,000-க்கு மேல இருந்துச்சு. ஆன்லைன்ல ஒருத்தர் கிட்ட பழசு ஒண்ணு மலிவா வாங்கினோம், வந்து சேந்தப்ப பாத்தா உள்ள அரை ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டார், அதுக்கு ஒரு ஃபேன் ரெகுலேட்டர். 1440 ஆர்.பி.எம் மோட்டார், ரெண்டு இஞ்ச் புல்லியில இருந்து பன்னிரண்டு இஞ்ச் புல்லிக்கு பெல்ட், கணக்குப்படி சக்கரம் 240 சுத்தணும், சுத்தவும் செஞ்சுச்சு. ஆனா வேகத்தைக் கொறைக்க ரெகுலேட்டரைத் திருப்பினா மோட்டார் முனகும், மண்ணை நடுவுல நிறுத்த கையால அமுக்குன உடனே நின்னுரும். அந்த வகை மோட்டார்ல ரெகுலேட்டர் வெச்சா வேகம் மட்டுமில்ல, இழுவையும் சேந்து போயிரும். தம்பி நாகர்கோவில்ல ஒரு பழைய ட்ரெட்மில் பிடிச்சுக் கொண்டு வந்தான், 6,000 ரூபா. அதுல உள்ளது டிசி மோட்டார், கூடவே அதோட கண்ட்ரோலர் போர்டும் வரும், மெதுவா சுத்தினாலும் அமுக்குப் பிடிக்கும். புல்லி, பேரிங், மேல வைக்கிற தட்டு எல்லாம் சேத்து 9,500-ல முடிஞ்சுது. வேகம் மாத்துறதுக்குப் பழைய தையல் மெஷின் பெடலைக் கட்டியிருக்கு. இன்னைக்கு வரைக்கும் ஓடுது. போர்டுல மட்டும் வெள்ளம் படாம ஒரு பிளாஸ்டிக் டப்பா போட்டு மூடணும், மண்ணு வெள்ளம் எங்கயெல்லாம் தெறிக்கும்னு நீங்க நினைச்சே பாக்க முடியாது.

ஆனா ஒண்ணு சொல்லட்டா, சக்கரத்துக்குச் செலவழிச்ச காசும் நேரமும் பாதி வேஸ்ட். ஆளுகளைக் கூப்பிடுறதுக்குச் சக்கரம் நல்லது, வந்தவங்களை இருத்துறதுக்கு நல்லது இல்ல. முதல் தடவை உக்காருற ஆளுக்கு மண்ணு நடுவுல நிக்காது, நிக்கிறதுக்கே சில வாரம் பழகணும், அதுக்குள்ள "எனக்கு இது வராது"ன்னு எழும்பிப் போயிருவாங்க. சுத்தி நிக்கிறவங்க வேற சிரிப்பாங்க. எங்களுக்கு ஆளைப் பிடிச்சு வெச்சது சக்கரம் இல்ல, புரைக்குள்ள துருப்பிடிச்சு நின்ன ரப்பர் ரோலர்.

ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் பாத்திருப்பீங்க. வார்ப்பிரும்பு உருளை ரெண்டு, பக்கத்துல கைப்பிடிச் சக்கரம், மேல இடைவெளியைக் கூட்டிக் கொறைக்க ஸ்குரூ. ஒரு மெஷின் பிளெய்ன், இன்னொண்ணு வரி ரோலர், அதுல தான் ஷீட்டுல அந்த டைமண்ட் டிசைன் விழும். மண்ணைப் பலகையா தட்டி எடுக்கிறதுக்கு வெளிய ஒரு மெஷின் விக்கிறாங்க, அதோட விலையைப் பாத்தா தலை சுத்தும். இது அதே வேலை தான். ரெண்டு காடா துணிக்கு நடுவுல மண்ணை வெச்சு பிளெய்ன் ரோலர்ல விட்டா ஒரே சீரா எட்டு மில்லிமீட்டர் பலகை வந்துரும். ஒரே அடியா எட்டு மில்லிக்கு இறக்காதீங்க, மண்ணு துணியோட சுருண்டு உருளையில ஏறிக்கும். முதல்ல 20 மில்லி, அடுத்தது 14, கடைசியில எட்டு, ஒவ்வொரு தடவையும் பலகையைக் கால் சுத்து திருப்பி விடணும். ஒரே திசையில விட்டுக்கிட்டே இருந்தா காயும்போ வளையும்.

இதுல ஒரு வினை இருந்துச்சு. உருளையோட ஓரத்துலயும் கியர் பக்கத்துலயும் பழைய ரப்பர் துணுக்கு ஒட்டிக் கெடந்தது கண்ணுக்குத் தெரியல. மண்ணுல பொதிஞ்சு போயிருக்கு. சூளையில அது எரிஞ்சு போய் தட்டுல எல்லாம் கடுகு அளவு குழி, கூடவே ஊரையே கூட்டுற மாதிரி ஒரு நாத்தம். பக்கத்து வீட்டு மைனி வந்து "டயரா எரிக்கியோ?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. பெறகு புட்டி பிளேடாலயும் மண்ணெண்ணெய்த் துணியாலயும் உருளையை ஒரு நாள் முழுக்கச் சொரண்டி எடுத்தோம். துரு பத்தி யோசிக்க வேண்டாம், நம்ம மண்ணே செவப்பு தான், தெரியாது.

வரி ரோலரை முதல்ல தொடவே இல்ல. ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ரெண்டு பேரு நாங்க பாக்காத நேரம் பலகையை அதுல விட்டு எடுத்துட்டாங்க. ரப்பர் ஷீட் டிசைன் அப்படியே மண்ணுல. கொள்ளாம்லா! இப்பம் எங்க தட்டு எல்லாத்துலயும் அந்த டைமண்ட் இருக்கு. இங்க உள்ள ஆளுக அதைத் தொட்ட உடனே சிரிப்பாங்க, ஏன்னு சொல்ல வேண்டியதில்ல.

பால் உறைய வைக்கிற அலுமினிய டிஷ் ஒரு அடுக்கு கெடந்துச்சு, அதை மோல்டா எடுத்தோம். கவுத்தி வெச்சு மேல மண்ணுப் பலகையைப் போத்தினா மண்ணு சுருங்கும்போ டிஷ்ஷு விட்டுக் குடுக்காது, மூலையில கீறும். நிமித்தி வெச்சு உள்ள ஒரு பேப்பர் போட்டு பலகையை எறக்கினா சுருங்கச் சுருங்க தானாவே விட்டு வரும். இதுக்கு செலவு பூச்சியம்.

இனி மண்ணுக்கு வாறேன், கதையே இங்க தான். முதல் லோடு தோவாளை பக்கம் ஒரு செங்கல் சூளைக்காரர் கிட்ட வாங்கினது, டெம்போ வாடகையோட 4,500. நல்ல பசை, விரல்ல சுத்தினா ஒடையாது. பத்து செண்டிமீட்டர் கோடு போட்ட பட்டையைக் காய வெச்சு அளந்தா 9.1 வந்துச்சு, சுருக்கம் கொஞ்சம் ஜாஸ்தி, அதனால அரிச்ச மணல் கலந்தோம், அஞ்சு பங்குக்கு ஒரு பங்கு. பெறகு 9.3 நின்னுச்சு. கட்டி எல்லாம் பொறுக்கி, கல்லு வேர் எடுத்து, மிதிச்சு, பெசஞ்சு, பாக்க வெண்ணெய் மாதிரி இருந்துச்சு. சூளை எறக்கினப்போவும் அழகா தான் இருந்துச்சு. தட்டுனா கிண்ணுனு சத்தம். ஆளுக எல்லாம் வீட்டுக்குக் கொண்டு போனாங்க.

ரெண்டு மூணு வாரம் கழிஞ்சு சாரல் பிடிச்ச உடனே ஒவ்வொண்ணா திரும்பி வர ஆரம்பிச்சுச்சு. தட்டோட மேல்தோல்ல காசு அளவுக்கு வட்டமா தெறிச்சு விழுந்திருக்கும், ஒவ்வொரு குழியோட நடுவுலயும் ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரு மாமியோட மீன்சட்டி அடியில அப்படி விழுந்து கொழம்பு அடுப்புல ஒழுகிருச்சு. நாங்க என்னவோ சூடு பத்தலைன்னு நினைச்சு அடுத்த சூளையை இன்னும் ஏத்தி எரிச்சோம். இன்னும் மோசமாச்சு.

சுங்கான்கடையில இருந்து பானை செய்யுற ஒரு பாட்டா வாரத்துல ஒரு நாள் சொல்லிக் குடுக்க வருவாங்க, நாள் கூலி 1,000. அவங்க கிட்ட காட்டினப்ப வெள்ளைப் புள்ளியை நகத்தால நோண்டி வாயில வெச்சுப் பாத்தாங்க. "மக்களே, இது நத்தக்கூடு. மிதிக்கும்போ காலுல தட்டும், தட்டினா எடுத்துப் போடணும். நீங்க ஷூ போட்டுல்லா மிதிக்கிய." நாங்க ரப்பர் பூட்ஸ் போட்டுத் தான் மிதிச்சோம்.

விசயம் இது தான். குளத்து மண்ணுல நத்தை, சிப்பி ஓட்டுத் துணுக்கு இருக்கும். 800 டிகிரிக்கு மேல போகும்போ அந்த ஓடு சுட்ட சுண்ணாம்பா மாறிரும். பெறகு காத்துல உள்ள ஈரத்தை பைய இழுத்து நீறும், நீறும்போ ஊதும், மேல உள்ள தோலை உந்தித் தள்ளிரும். வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு எப்படி நீறுதோ அதே சங்கதி. காஞ்ச ஊர்ல இது தெரிய மாசக்கணக்கு ஆகலாம், நமக்கு ரெண்டு மழைக்காலம், எங்க பக்கம் காத்துல எப்பமும் ஈரம் தான், உடனே காட்டிக் குடுத்துரும். பாட்டா வீட்டு சூளையில ஏன் இது வாறதில்லைன்னா, ஒண்ணு அவங்க காலாலயே பொறுக்கிருவாங்க, ரெண்டாவது அவங்க சூளை அந்தச் சூட்டுக்கு ஏறுறதே இல்ல. செம்பருத்திப் பூ நெறம் உள்ள தெரிஞ்ச உடனே விறகை நிறுத்திருவாங்க. நாங்க புத்தகத்துல பாத்து 950-க்கு ஓடிக்கிட்டு இருந்தோம்.

கண்டுபிடிச்ச பெறகு சரி பண்றதுக்கு உள்ள சாமான் எல்லாம் புரையிலயே இருந்துச்சு, அது தான் வேடிக்கை. பாலை உறைய வைக்கிறதுக்கு ஃபார்மிக் ஆசிட் ஊத்துவாங்க, ஒரு கேன் அடியில கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. காஞ்ச மண்ணுக்கட்டியில நீத்த ஆசிட் ஒரு சொட்டு விட்டா ஓட்டுத் துணுக்கு இருக்கிற எடத்துல மட்டும் புசுபுசுன்னு நுரைக்கும். சுண்ணாம்பு எங்க இருக்குன்னு கண்ணால காணலாம். கையுறை, கண்ணாடி போட்டுத் தான் பண்ணணும், ஆசிட்டுல வெள்ளம் ஊத்தாதீங்க, வெள்ளத்துல ஆசிட்டை ஊத்தணும், ஒரு மூடிக்குப் பத்து மூடி வெள்ளம். பிள்ளைக இருக்கிற நேரம் கேனை வெளியவே எடுக்கிறதில்ல. இல்லைன்னா வினிகர் போதும், நுரை கொஞ்சம் மெதுவா வரும், அவ்வளவு தான்.

அடுத்தது அரிப்பு, அதாவது சல்லடை. ரப்பர் பாலை வடிகட்ட 40 மெஷ், 60 மெஷ் (ஒரு இஞ்ச்சுக்கு அத்தனை கண்ணு) அரிப்பு ரெண்டு வெச்சிருப்பாங்க. மண்ணை நல்லா காய விட்டு, கட்டி கட்டியா உடைச்சு, பெறகு வெள்ளத்துல போடணும். ஈர மண்ணை நேரா வெள்ளத்துல போட்டா நாள் கணக்குல கட்டியாவே கெடக்கும், எலும்பு மாதிரி காஞ்ச மண்ணு போட்டா கொஞ்ச நேரத்துல தானா பொலபொலன்னு உதுந்துரும். அதைக் கலக்கி மோர்ப் பதத்துல முதல்ல 40-லயும் பெறகு 60-லயும் விட்டோம். 60-ல தங்கினதைத் தேங்காச்சிரட்டையில அள்ளிப் பாத்தா பாதி ஓட்டுத் துணுக்கு. கால் மில்லிக்குக் கீழ உள்ள தூள் தப்பிப் போகும், அது பெருசா ஒண்ணும் செய்யாது.

கலக்கின மண்ணைத் திரும்ப பெசையுற பதத்துக்குக் கொண்டு வாறது தான் நேரம் பிடிக்கிற வேலை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பலகையில ஊத்தினா சீக்கிரம் இழுக்கும், ஆனா பிளாஸ்டர் ஓரம் பேந்து மண்ணுல கலந்தா அதுவும் சூட்டுக்கு அப்புறம் தெறிக்கும், ஒரு பேயை ஓட்டி இன்னொண்ணைக் கூட்டிட்டு வந்த கதை. நாங்க பழைய பெட்ஷீட்ல ஊத்தி மூலையைக் கட்டி புகப்புரைக் கழியில தொங்க விட்டுருவோம். வெயில்ல நாலஞ்சு நாள், மழையில ரெண்டு வாரம் கூட ஆகும்.

புகப்புரையைத் தனியா சொல்லணும். 8 அடிக்கு 8 அடி, நல்ல உயரம், உள்ள ஷீட் தொங்க விடுற கழி வரிசை, தீ போடுறது வெளிய இருந்து ஒரு குழி வழியா. எங்க பக்கம் ஆனி ஆடியில காய வெச்ச துணியே காயாது, சட்டி எங்க காயும். ஈரம் உள்ள இருந்தா 100 டிகிரி தாண்டும்போ ஆவி வெளிய வர வழியில்லாம சட்டி பட்டாசு மாதிரி வெடிக்கும், ஒண்ணு வெடிச்சா பக்கத்துல உள்ள நாலையும் கொண்டு போகும். அதனால சட்டியை முதல்ல புரையில சாக்கு மூடி ரெண்டு நாள், பெறகு புகப்புரையில கழி மேல பலகை போட்டு அடுக்கி, குழியில கதம்பையை (தேங்கா உரிமட்டையை) மட்டும் போட்டு கங்கா வெச்சுருவோம். உள்ள 40, 45 டிகிரி. அதுக்கு மேல போனா ஒரு பக்கம் மட்டும் காஞ்சு விளிம்பு கீறும். காஞ்சாச்சான்னு பாக்க கன்னத்துல வெச்சுப் பாப்பாங்க பாட்டா, ஜில்லுன்னு இருந்தா ஈரம். எங்களுக்குக் கன்னம் பழகல, கிச்சன் தராசுல வெச்சு எழுதுவோம். நேத்தைக்கும் இன்னைக்கும் ஒரே கிராம் காட்டினா சூளைக்கு ரெடி.

சூளை உள்ளளவு 3 அடிக்கு 3 அடி, சட்டி அடுக்குற உயரம் மூன்றரை அடி, சுவர் 9 இஞ்ச். செங்கல் 850, அதுக்கு மட்டும் 8,500. கொத்தனார் சிமெண்ட் இல்லாம கட்ட மாட்டேன்னு ஒரே பிடிவாதம், அடி வரிசையில மட்டும் ஒத்துக்கிட்டோம், முதல் எரிப்புலயே அந்த சிமெண்ட் மாவா உதுந்துச்சு. மேல உள்ளது களிமண்ணு, மணல், உமி சேத்துப் பெசஞ்சு கட்டினது, அது நல்லா நிக்குது. சட்டி நிக்கிற தட்டுக்கு 16 மில்லி கம்பி போட்டோம், தம்பிக்கு அதுல ரொம்ப நம்பிக்கை. சூட்டுல பாரம் தாங்காம தொட்டில் மாதிரி தொங்கிருச்சு. இப்பம் கம்பியே இல்ல, செங்கலைச் சாச்சு நிறுத்தி கமான் மாதிரி கட்டியிருக்கு. மேல மூடிக்கு இரும்புச் சட்டத்துல செராமிக் ஃபைபர் போர்வை, ஒரு ரோல் 3,800. அதை வெட்டும்போ மாஸ்க் போடுங்க, தூள் அரிக்கும், நெஞ்சுக்குள்ள போகவே கூடாது. மூடி நடுவுல 9 இஞ்ச் ஓட்டை. சூடு பாக்க கே டைப் தெர்மோகப்பிளும் ஒரு டிஜிட்டல் மீட்டரும், 1,400. சூளைக்கு இத விட உபயோகமான செலவு வேற இல்ல.

விறகு ரப்பர் தடி, கிலோ நாலு ரூபா. சிரட்டை போட்டா சூடு நல்லா ஏறும், ஆனா கரி பண்றதுக்குக் காசு குடுத்து அள்ளிட்டுப் போறாங்க, எரிக்க மனசு வராது. ஆரம்பத்துல மீட்டர் 640-ல போய் நின்னுரும், எவ்வளவு விறகு போட்டாலும் அசையாது, கரும்புகை மட்டும் வரும். தடி தொடை கனத்துல இருந்துச்சு, அதுவும் அரை ஈரம். மணிக்கட்டு கனத்துக்குக் கீறி கூரைக்குக் கீழ ரெண்டு மாசம் அடுக்கி வெச்சு எடுத்தோம், மூடி ஓட்டை மேல நாலடி தகரக் குழாய் நிறுத்தினோம். காத்து இழுக்க ஆரம்பிச்சுது, மீட்டர் எழும்பி 920 தொட்டுச்சு. இன்னொரு சங்கடம், தீ வாய் மேக்கப் பாத்து வெச்சது. ஆடிக் காத்து வந்து வாயில அடிக்கும், ஒரு பக்கத்துச் சட்டி கருகும், மறுபக்கம் வேகாது. இப்பம் ஒரு தகரம் மறைப்பு வெச்சு சமாளிக்கோம்.

இப்பம் எரிக்கிற முறை: ராத்திரி முழுக்கக் கதம்பைக் கங்கு, மீட்டர் 120 தாண்டக் கூடாது. காலையில சின்ன விறகு, மணிக்கு 100 டிகிரி கணக்குல 600 வரைக்கும். 573 பக்கம் மண்ணுல உள்ள மணல் சட்டுன்னு விரியும், அந்த எடத்துல அவசரப்படவே கூடாது. பெறகு வேகமா 900, அங்க அரை மணி நேரம். அடச்சுட்டு மறுநாள் சாயந்தரம் வரைக்கும் தொடக்கூடாது. 200-ல ஆசைப்பட்டு மூடியைத் தூக்கினப்ப உள்ள இருந்து டிங் டிங்னு சத்தம், ஒவ்வொரு சத்தமும் ஒரு தட்டு. 100-க்குக் கீழ வந்தா தான் திறக்கலாம். கப்பு, தட்டு எல்லாம் இன்னும் இளஞ்சூடா இருக்கும்போதே சருவத்துல வெள்ளம் பிடிச்சு ஒரு மணி நேரம் முக்கி வெச்சுருவோம், தப்பிப் போன சுண்ணாம்புத் தூள் ஏதாவது இருந்தா அங்கயே நீத்துக் கரைஞ்சுரும். செங்கல் சூளைகள்லயும் இதைச் செய்வாங்க. மீன்சட்டி மட்டும் தனிச் சூளை, பாட்டா சொன்ன நெறத்துல நிறுத்துறது, மீட்டர்ல 750 பக்கம் காட்டும். மணல் கூடுதல், சூடு கம்மி, அடுப்புல அது தான் விரியாம நிக்கும். கிளேஸ்னு சொல்ற பளபளப்புப் பூச்சு எதுவும் போடுறதில்ல, கஞ்சித்தண்ணி ஊத்திப் பழக்கி எடுத்தா போதும். மணவாளக்குறிச்சி கருமணல் கலந்தா புள்ளி புள்ளியா அழகா வரும்னு ஒருத்தர் ஐடியா குடுத்தாரு. அதுல மோனசைட் இருக்கு, தோரியம் உள்ளது, கதிர்வீச்சு வரும், கடற்கரையில இருந்து அள்ளவும் கூடாது. திங்கிற தட்டுல அது எதுக்கு.

ஒரு எரிப்புக்கு விறகு 250 கிலோ, 1,000 ரூபா. மொத்தமா கூரை, சக்கரம், சூளை, மேசை, லைட்டு எல்லாம் சேத்து 70,000 பக்கம் ஆச்சு. புரைக்கு வாடகை இல்ல, அது எங்க அதிர்ஷ்டம்.

ஆளு வந்த விதம். முதல்ல "ஆர்ட் ஸ்டூடியோ"ன்னு பெருசா ஃப்ளெக்ஸ் அடிச்சு வெச்சோம், என் கையால எழுதாம போனதுக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஒருத்தரும் உள்ள வரல. கேட்டுப் பக்கத்துல நின்னு எட்டிப் பாத்துட்டு "ஃபீஸ் எவ்வளவு"ன்னு கேட்டுட்டுப் போயிருவாங்க. ஃப்ளெக்ஸைக் கழத்தி சூளை விறகுக்கு மேல மூட எடுத்துட்டு, மேசை ஒண்ணைத் தூக்கி வெளித்திண்ணையில, பஸ் ஸ்டாப்பைப் பாத்து போட்டோம். பஸ்சுக்கு நிக்கிறவங்க சும்மா இருக்காம மண்ணை எடுத்து உருட்டுவாங்க. அப்படி வந்தவங்க தான் இப்பம் உள்ள பாதிப்பேரு. மேசை ரெண்டு உயரம், ஒண்ணு 30 இஞ்ச், இன்னொண்ணு 18 இஞ்ச், தரையில சம்மணம் போட்டு உக்காருறவங்களுக்கும் பிள்ளைகளுக்கும். வயசானவங்க நேரா 18 இஞ்ச் மேசைக்குத் தான் போவாங்க. திறக்கிற நேரம் சாயந்தரம் மூணு மணிக்குப் பெறகு, ரப்பர் பால் வெட்டுறவங்க விடியுறதுக்கு முந்தியே எழும்பிப் போறவங்க, மதியம் ஒறங்கணும். ஞாயித்துக்கிழமை கோவில் முடிஞ்சு மத்தியானத்துக்கு மேல. முதல் தடவை காசு இல்ல. பெறகு ஒரு கிலோ மண்ணு 40 ரூபா, சுடாம திருப்பிப் போட்டா காசு திரும்பக் குடுத்துருவோம். சுடுறதுக்கு ஆளுக்கு ஒரு விலை சொல்லி வம்பு வந்துச்சு, அதனால எல்லாப் பக்கமும் ஒரு அடி உள்ள ஒரு மரப்பெட்டி செஞ்சு வெச்சிருக்கோம். அதுக்குள்ள எவ்வளவு அடங்குதோ அடுக்கிக்கலாம், பெட்டிக்கு 100 ரூபா. இதுக்குப் பெறகு ஒரு சண்டையும் இல்ல, ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்குற மாதிரி சட்டி செய்ய ஆரம்பிச்சுட்டாங்க.

அண்டி ஆபீஸ்ல (முந்திரிப்பருப்பு ஆலையில) வேலை பாக்கிற அக்கா ஒருத்தங்க ஞாயித்துக்கிழமை வருவாங்க. அண்டிப்பால் பட்டு ரெண்டு பெருவிரலும் கறுத்து, தோல் வெடிச்சு இருக்கும். சக்கரத்தைத் திரும்பியே பாக்க மாட்டாங்க. ஒரு உருண்டை மண்ணை இடது உள்ளங்கையில வெச்சு, வலது பெருவிரலை நடுவுல எறக்கி, பேசிக்கிட்டே சுத்தி சுத்தி நுள்ளுவாங்க, கண்ணு மண்ணு மேல இருக்கவே இருக்காது. ஒரு கிண்ணத்தைக் கம்பி வெச்சு ரெண்டா அறுத்துப் பாக்கட்டான்னு கேட்டோம், "அறுத்துக்கோ, இது என்ன பெரிய காரியம்"னாங்க. வாயில இருந்து அடி வரைக்கும் அஞ்சு மில்லி, எங்கயும் அரை மில்லி கூட மாறல. எங்க செராமிக் பொண்ணு அந்த ரெண்டு பாதியையும் சுட்டு செல்ஃபுல வெச்சிருக்கா, புதுசா வாறவங்களுக்கு முதல்ல அதைத் தான் எடுத்துக் காட்டுவா. அண்டிப்பருப்பு ஒடையாம தோல் உரிக்கிற விரலுக்கு இது ஒண்ணுமே இல்லை போல.

அடுத்த தடவைக்கு மாத்த வேண்டியது கொஞ்சம் இருக்கு. கை கழுவுற தொட்டி வெள்ளத்தை நேரா சாலுல விட்டோம், மண்ணு படிஞ்சு பைப்பு அடைச்சு ஒரு பக்கம் தோண்ட வேண்டியதாப் போச்சு. இப்பம் மூணு வாளி வரிசையா, முதல் வாளியில அழுக்கு, ரெண்டாவதுல பாதி, மூணாவதுல கடைசிக் கழுவல், அடியில படிஞ்ச மண்ணைத் திரும்ப அரிப்புல விட்டுருவோம். இதை முதல் நாளே வெச்சிருந்தா 2,200 ரூபா மிச்சம். சூளையைப் பிரிச்சு தீ வாயைக் கெழக்கப் பாத்து மாத்தணும், பங்குனி சித்திரை வெயிலுக்குள்ள செஞ்சா தான் உண்டு. அடுத்த லோடு மண்ணு வாங்குறதுக்கு முந்தி எடத்துலயே ஆசிட் சொட்டு விட்டுப் பாத்துட்டுத் தான் டெம்போ கூப்பிடணும்னு முடிவு. புகப்புரைக்குள்ள ஒரு சின்ன ஃபேன் வெச்சா காய்ச்சல் சீரா இருக்குமான்னு ஒரு யோசனை, தம்பி அதுக்குப் பழைய ட்ரெட்மில்லோட மிச்ச சாமானைப் பாத்துக்கிட்டு இருக்கான்.

உங்க வீட்டுல பழைய ரோலர் கெடந்தா ஆக்கர் கடைக்கு (பழைய இரும்புக் கடைக்கு) தூக்கிப் போட்டுறாதீங்க, எங்களுக்கு ஒரு பிளெய்ன் ரோலர் கூட வேணும். இரும்பு விலைக்கு மேல பத்து ரூபா கூடுதல் தாறோம், தூக்கிட்டுப் போற வண்டியும் எங்க செலவு. கைப்பிடி ஒடைஞ்சிருந்தா பரவாயில்ல, தம்பி வெல்டு பண்ணிக்கிடுவான், ஆனா இடைவெளி ஸ்குரூ மட்டும் திரும்பணும்.